மாடு மேயும் வெளியில் வெந்நீர்க் குளம்: மேமத் லேக்ஸ் பக்கம் முதல்முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கலிபோர்னியாவின் 395-ஆம் நெடுஞ்சாலையில், மேமத் லேக்ஸ் ஊருக்குத் தென்கிழக்கே மரமே இல்லாத ஒரு பெரிய வெளி விரியும். அதுதான் லாங் வேலி. சுமார் 7,60,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் பள்ளம் அது, அடியில் இன்னும் சூடு இருப்பதால் பல இடங்களில் வெந்நீர் ஊறுகிறது. மேலே மாடு மேய்கிறது.

இந்தக் குளங்களுக்கு டிக்கெட் கிடையாது, காவலுக்கு ஆள் கிடையாது, உடை மாற்ற அறை கிடையாது, தண்ணீரைச் சோதித்துப் பலகையில் எழுதிப் போடுகிறவரும் கிடையாது. நீச்சல்குளத்தில் வேறு யாரோ நமக்காகச் செய்து வைத்திருக்கும் வேலையெல்லாம் இங்கே நம் தலையில்தான். சனி, ஞாயிறுகளில் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்தும் சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவிலிருந்தும் நம்மவர்கள் குடும்பத்தோடு நிறையப் பேர் வருகிறார்கள், அவர்களில் புதியவர்கள் தடுமாறுவது அநேகமாக ஒரே இடத்தில்தான்: வண்டி நின்றதும் நேராகத் தண்ணீருக்கு ஓடுகிறார்கள். கீழே உள்ள வரிசையில் தண்ணீரில் இறங்குவது ஒன்பதாவது வேலை. முதல் எட்டும் முடிந்திருந்தால் ஒன்பதாவது சுலபம்.

1. எந்தக் குளம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

வெந்நீர் ஊறும் இடமெல்லாம் குளிக்கும் இடமில்லை. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மேமத் விமான நிலையத்துக்கு அருகே ஹாட் கிரீக் என்றொரு ஓடை இருக்கிறது. நீல நிறத்தில், ஆவி பறக்க, பார்த்தவுடன் இறங்கத் தோன்றும். ஒரு காலத்தில் அங்கே எல்லோரும் குளித்தார்கள். 2006-இல் ஓடைக்குள்ளேயே புதிதாகக் கொதிநீர் பீறிட ஆரம்பித்ததும் வனத்துறை குளிப்பதைத் தடை செய்தது, இன்றுவரை தடைதான். பழைய பயணக் குறிப்புகளையும் பழைய படங்களையும் பார்த்துவிட்டுத் துண்டோடு அங்கே வந்து நிற்பவர்களை இப்போதும் பார்க்கலாம். மேலே நடைபாதையில் நின்று பார்த்துவிட்டு வர அருமையான இடம், வேலி தாண்டாதீர்கள்.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது வைல்டு வில்லீஸ், சிலர் இதை கிரௌலி ஹாட் ஸ்பிரிங்ஸ் என்பார்கள். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், சதுப்பில் கால் புதையாது. குளம் அகலமானது, சூடு பொதுவாக மிதம். இரண்டாவதாக ஹில்டாப்: கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டிய சிறு தொட்டி, ஐந்தாறு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். சியரா மலைத்தொடர் முழுவதும் எதிரே தெரியும், ஆனால் ஒரு குடும்பம் ஏற்கனவே அதில் இருந்தால் உங்களுக்கு இடமில்லை. அதனால் எப்போதும் மாற்று ஒன்று கையில் இருக்கட்டும்.

இந்த வெளி முழுவதும் ஒரே ஒருவருடைய நிலம் அல்ல. ஒரு பகுதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத் தண்ணீர், மின்சாரத் துறையுடையது, ஒரு பகுதி பி.எல்.எம். எனப்படும் மத்திய அரசின் நில நிர்வாகத் துறையுடையது, இன்னொரு பகுதி இன்யோ தேசிய வனம். மேய்ச்சலுக்குக் குத்தகை எடுத்தவர்கள் வேறு இருக்கிறார்கள். ஆகவே விதியும் இடத்துக்கு இடம் மாறும். தண்ணீர்த் துறை நிலத்தில் இரவு தங்கக் கூடாது, தீ மூட்டக் கூடாது. பி.எல்.எம். நிலத்தில் சில இடங்களில் கூடாரம் போடலாம், சில இடங்களில் கூடாது. எங்கே என்ன என்பதை மேமத் லேக்ஸ் வரவேற்பு மையத்தில் கேட்டால் வரைபடத்தில் விரல் வைத்தே காட்டுவார்கள், பேசாமல் அங்கே பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

2. யார் இறங்கலாம், யார் கரையில் உட்காரலாம்

இந்தப் பேச்சை வீட்டில் பேசிவிட வேண்டும். தண்ணீரைப் பார்த்த பிறகு யாரும் கேட்கமாட்டார்கள், அதுவும் ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவிடம் இவ்வளவு தூரம் கூட்டிவந்துவிட்டு "நீங்கள் இறங்க வேண்டாம்" என்று சொல்ல நமக்கே வாய் வராது.

சர்க்கரை நோய் நீண்ட காலமாக இருப்பவர்களைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், சூடு சுடுவதே தெரியாது. நண்பர் ஒருவரின் அப்பா குளத்தில் ஊற்று வாய்க்கு அருகே காலை நீட்டிக்கொண்டு "சுகமா இருக்கு" என்று உட்கார்ந்திருந்தார், அதே இடத்தில் கை வைத்த மகன் சட்டென்று கையை எடுத்துவிட்டான். அப்பாவின் பாதம் சிவந்திருந்தது, அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. இப்படிப்பட்டவர்கள் தெர்மாமீட்டரை மட்டுமே நம்ப வேண்டும், காலை நம்பக் கூடாது. இன்சுலின் போடுகிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: வெந்நீரில் இருக்கும்போது இன்சுலின் உடலில் வேகமாக ஏறும், சர்க்கரை தாழ்ந்துவிடலாம். அதனால் கரையில் இனிப்பு ஏதாவது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வெந்நீர் அழுத்தத்தை மேலும் இறக்கும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். இந்த இடம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 7,000 அடி உயரம் என்பதால் அதுவும் சேர்ந்துகொள்ளும். இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். கைக்குழந்தையைத் தண்ணீரில் இறக்கவே வேண்டாம், அவர்கள் உடல் நம்மைவிட வேகமாகச் சூடேறும். திறந்த புண் இருப்பவர்களும் வேண்டாம், மாடு நடமாடும் தண்ணீர் இது.

இன்னொரு விஷயமும் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்: இங்கே சிலர் உடையில்லாமல் குளிப்பார்கள். அந்தப் பக்கத்து வழக்கம் அது, யாரும் யாரையும் முறைப்பதில்லை. பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் முன்னாலேயே தெரிந்திருந்தால் அங்கே போய்ச் சங்கடப்பட மாட்டார்கள். சங்கடமாகத்தான் இருக்கும் என்றால் ஊருக்குள் ஹோட்டல் குளத்தோடு நின்றுகொள்வது நல்லது.

3. பருவமும் நேரமும்

ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை சரியான காலம். சாலை காய்ந்திருக்கும், கொசு குறைந்திருக்கும், இரவு குளிரும் பகலில் இதமாகிவிடும்.

குளிர்காலத்தில் மண் சாலைகளில் யாரும் பனி அகற்றுவதில்லை. தார்ச்சாலை ஓரத்தில் எங்காவது பாதுகாப்பாக வண்டியை விட்டுவிட்டுப் பனியில் நடந்துதான் போக வேண்டும், திரும்பும்போது ஈரத் தலையோடு நடக்க வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள். பனி உருகும் வசந்தம் அதைவிட மோசம். மேலே காய்ந்தது போலிருக்கும் சேறு, வண்டி ஏறியதும் அச்சு வரை விழுங்கிவிடும். ஜூன், ஜூலையில் கொசுவும் மாட்டு ஈயும்.

பே ஏரியாவிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க: யோசெமிட்டி வழியாகப் போகும் 120-ஆம் சாலையின் டியோகா கணவாய் குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும், பனி அதிகமான வருடங்களில் ஜூன், ஜூலை வரைகூடத் திறப்பு தள்ளிப்போகும். கிளம்பும் நாளன்று காலையில் மாநிலச் சாலைத் துறையான கால்டிரான்ஸின் எண் 800-427-7623-க்கு அழைத்து 395, 120 இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரம் என்றால் வார நாள், விடிகாலை. வெளிச்சம் வந்த பிறகு போய்ச் சேருங்கள், இருட்டில் முதல்முறை போகவே போகாதீர்கள். நட்சத்திரம் பார்த்துக்கொண்டே குளிப்பது என்பது பாதையும் குளத்தின் ஓரமும் பகலில் பார்த்துப் பழகியவர்களுக்கானது.

4. பையில் வைக்க வேண்டியவை

முக்கியமானது தெர்மாமீட்டர். சமையலுக்குப் பயன்படுத்தும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும், கைப்பிடியில் இரண்டு முழம் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். ஏன் கயிறு என்பது எட்டாவது படியில் வரும்.

அப்புறம் ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிநீர். இந்தப் பக்கத்து வெந்நீரில் ஆர்செனிக் இயற்கையாகவே அதிகம், லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போகும் கால்வாய்த் தண்ணீரில் ஆர்செனிக் கலப்பதற்கு ஹாட் கிரீக் ஒரு முக்கியக் காரணம். அதில் உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது, ஆனால் குடிக்கவோ வாய் கொப்பளிக்கவோ சமைக்கவோ கூடாது. கொதிக்க வைத்தாலும் ஆர்செனிக் போகாது.

உடைக்குப் பழைய, அடர்நிற நீச்சலுடை. தாதுக்கறை போகாது. பருத்திச் சேலை, வேட்டி, நைட்டி போன்றவை நனைந்தால் கனத்துவிடும், வெளியே வந்ததும் குளிரை அப்படியே உடம்போடு ஒட்டிவைக்கும். பாலியஸ்டர் டிஷர்ட்டும் லெகிங்ஸும் மூடியும் இருக்கும், சீக்கிரம் காயவும் செய்யும். கம்பளித் தொப்பி, கனமான ஜாக்கெட், உலர்ந்த காலுறை இவை ஆகஸ்டிலும் வேண்டும்.

காலுக்கு ஈரத்தில் வழுக்காத, பின்வார் உள்ள செருப்பு. ஹவாய் செருப்பு சேற்றில் கழன்றுகொள்ளும். குளத்தின் அடியில் சில சமயம் உடைந்த கண்ணாடி கிடக்கும், வெறுங்காலோடு நடக்காதீர்கள். அதே காரணத்துக்காக நீங்கள் கண்ணாடிப் பாட்டில் எதுவும் கொண்டுபோகவும் வேண்டாம்.

வெள்ளி நகைகளை வீட்டிலேயே கழற்றி வையுங்கள். கொலுசு, மெட்டி, அரைஞாண் எல்லாம் கந்தகத்தில் கறுத்துவிடும். கான்டாக்ட் லென்ஸும் வேண்டாம், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

விட்டுவிட்டு வர வேண்டியவை சோப்பு, ஷாம்பு, தலைக்கு எண்ணெய். குற்றால அருவியில் எண்ணெயையும் சோப்பையும் வேகமாக ஓடும் தண்ணீர் அடித்துக்கொண்டு போகும், இங்கே அப்படிப் போகாது. தண்ணீர் மெல்லத்தான் மாறுகிறது, ஒருவர் பூசிய எண்ணெய் அடுத்தவர் மேல் ஒட்டும், வழிந்து வெளியே போவது மாடு குடிக்கும் ஓடைக்கு. சன்ஸ்கிரீனுக்குப் பதில் அகலத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் வையுங்கள்.

குப்பைக்கு இரண்டு பை, கழிப்பறைத் தேவைக்கு மண்வாரி அல்லது மூடிக் கட்டும் பை. கழிப்பறை இருக்கும் என்று நம்பி வராதீர்கள்.

5. கடைசி ஊரில் முடிக்க வேண்டியவை

பெட்ரோல், கழிப்பறை, சாப்பாடு மூன்றும் மேமத் லேக்ஸிலோ, தெற்கிலிருந்து வந்தால் பிஷப்பிலோ முடிந்துவிட வேண்டும். மின்கார் வைத்திருப்பவர்களும் அங்கேயே சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள்.

சாப்பாடு என்றால் இலேசாக. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வெந்நீரில் உட்கார்ந்தால் குமட்டும், வெறும் வயிற்றோடு உட்கார்ந்தால் மயக்கம் வரும். இரண்டு இட்லி அளவுக்கு ஏதாவது.

கைப்பேசியில் வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். வெளியில் சிக்னல் வரும், போகும், தேவைப்படும் நேரத்தில் இருக்காது. வராத ஒருவரிடம் எந்தக் குளம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று செய்தி அனுப்பிவிடுங்கள்.

வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தைப் பாருங்கள். பல நிறுவனங்கள் மண் சாலையில் ஓட்டுவதை அனுமதிப்பதில்லை, அங்கே சிக்கினால் இழுத்துவரும் செலவு உங்களுடையது.

6. திருப்பமும் மண் சாலையும்

395-இல் பென்டன் கிராசிங் சாலை பிரியும் இடத்தில் பச்சை நிறத்தில் ஒரு சின்ன தேவாலயக் கட்டிடம் நிற்கும். எல்லோரும் வழி சொல்வது அதை வைத்துத்தான். மேமத்திலிருந்து வந்தால் விமான நிலையம் தாண்டிச் சில மைல்களில் இடது பக்கம் திரும்ப வேண்டும், எதிரே வண்டிகள் 65 மைல் வேகத்தில் வரும், நின்று பார்த்துத் திரும்புங்கள்.

அந்தச் சாலையில் கிழக்கே போகும்போது தார் மேல் குறுக்கே இரும்புக் கம்பிகள் பதித்த பள்ளம் வரும். கேட்டில் கார்டு என்பார்கள். கம்பிகளுக்கு இடையே இடைவெளி இருப்பதால் மாடு காலை வைக்காது, வண்டி போகும், கதவு இல்லாமலே வேலி தொடர்கிறது. வேகமாக ஏறினால் வண்டி உதறும். வைல்டு வில்லீஸுக்கு ஏறக்குறைய 3 மைலில், இரண்டாவது கேட்டில் கார்டு தாண்டியதும் வலது பக்கம் மண் சாலை. அங்கிருந்து ஒரு மைலுக்குச் சற்று அதிகம்.

மண் சாலையில் மணிக்கு 10, 15 மைல் வேகத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். அலை அலையாக மேடுபள்ளம் இருக்கும், வேகமாகப் போனால் சக்கரம் தரையில் பிடிக்காமல் வழுக்கும், தூசி கிளம்பி மாட்டையும் பின்னால் வருபவரையும் மூடும். எதிரே நீரோ சேறோ தெரிந்தால் இறங்கிப் போய்க் காலால் அழுத்திப் பாருங்கள். சந்தேகம் என்றால் அங்கேயே ஓரமாக நிறுத்திவிட்டு நடங்கள். சேற்றைச் சுற்றிக்கொண்டு புல்மேல் ஓட்டுவதுதான் இங்கே எல்லோரும் செய்யும் பெரிய தப்பு. ஒரு வண்டி போட்ட தடத்தில் அடுத்த வண்டி போகும், ஒரே பருவத்தில் மேய்ச்சல் நிலத்தின் நடுவே புதுச் சாலை உருவாகிவிடும். இந்த மண்ணில் அது ஆறப் பல வருடம் ஆகும், இப்படிப்பட்ட சேதத்தால்தான் ஊற்றுகளுக்கான வழிகளை மூடுகிறார்கள்.

7. மாடும் கதவும்

மாடு சாலையில் நின்றால் ஹாரன் அடிக்காதீர்கள். மெதுவாக நகர்ந்து நில்லுங்கள், அதுவாக விலகும். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் மட்டும் போகாதீர்கள், வண்டியிலானாலும் நடையிலானாலும். நம் ஊர் வீட்டு மாட்டைப் போல இவை மனிதர் தொட்டுப் பழகியவை அல்ல, மாதக்கணக்கில் வெளியிலேயே திரிபவை. பழம் கொடுக்கிறேன், தொட்டுக் கும்பிடுகிறேன் என்று அருகே போக வேண்டாம். கன்று வைத்திருக்கும் தாய் தலையைத் தாழ்த்திப் பார்த்தால் திரும்பி ஓடாமல், அதைப் பார்த்தபடியே பின்வாங்குங்கள். நாய் கூட்டிவந்தால் கயிற்றில்தான், தாய்மாடு நாயைத் துரத்தும், நாய் உங்களிடம்தான் ஓடிவரும்.

வழியில் கதவு இருந்தால் எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள். மூடியிருந்ததைத் திறந்தால் மூடுங்கள். திறந்திருந்தால் மூடாதீர்கள், மந்தை தண்ணீருக்குப் போவதற்காக வேண்டுமென்றே திறந்து வைத்திருப்பார்கள், நீங்கள் நல்லது செய்வதாக நினைத்து மூடினால் அந்தப் பக்கத்து மாடுகள் தாகத்தோடு நிற்கும்.

8. தண்ணீரைச் சோதித்தல்

வண்டியிலிருந்து இறங்கியதும் முதலில் உலர்ந்த துணிகளையும் ஜாக்கெட்டையும் தனிப்பையில் கட்டிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிச் சாவி ஜிப் உள்ள பையில். மதிப்புள்ள பொருள் எதுவும் வெளியே தெரியும்படி வண்டியில் கிடக்க வேண்டாம்.

குளத்துக்குப் பாதையிலேயே நடங்கள். ஊற்றுவாயைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருக்கும் தரையை மிதிக்காதீர்கள். மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் கீழே கொதிநீர் இருக்கலாம், அந்த ஓடு நம் கனத்தைத் தாங்காது. இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும், அதில் கால் ஒரு விநாடி போனாலே போதும். 2016-இல் யெல்லோஸ்டோனில் பலகைப் பாதையை விட்டுத் தள்ளிப் போன இளைஞர் ஒருவர் வெந்நீர் ஊற்றில் விழுந்து இறந்தார். குழந்தைகள் இருந்தால் கையைப் பிடித்தே கூட்டிப்போங்கள்.

கரைக்கு வந்ததும் தெர்மாமீட்டர். கயிற்றைப் பிடித்துக்கொண்டு கருவியின் முனையை இறக்கி, எண் நிற்கும்வரை பொறுத்திருங்கள். மேற்பரப்பில் ஒன்று, முழங்கை ஆழத்தில் ஒன்று, தண்ணீர் உள்ளே வரும் இடத்துக்கு ஓரளவு அருகில் ஒன்று என்று குறைந்தது மூன்று இடம். காற்று மேல் தண்ணீரை ஆற்றிவிடும், ஊற்று வாயில் கொதிக்கும், ஒரே குளத்துக்குள் பத்து டிகிரி வித்தியாசம் இருப்பது சாதாரணம். கை எட்டாத இடத்தைக் கயிற்றின் உதவியால்தான் அளக்க முடியும்.

40 டிகிரி செல்சியஸ், அதாவது 104 ஃபாரன்ஹீட், அதுதான் மேல் எல்லை. வயதானவர்களுக்கும் சிறுவர்களுக்கும் 38-க்குள் இருந்தால் நல்லது. 42, 43 என்று காட்டினால் "கொஞ்சம்தானே கூட" என்று தோன்றும், ஆனால் வெந்நீரில் இந்த இரண்டு மூன்று டிகிரியில்தான் சுகம் ஆபத்தாக மாறுகிறது.

நேற்று வந்தவர் சொன்ன சூட்டை இன்று நம்பாதீர்கள். இது நிலநடுக்கப் பகுதி, 1980 மே மாதத்தில் இங்கே ரிக்டர் 6 அளவில் அடுத்தடுத்து நிலநடுக்கங்கள் வந்தன. சிறு அதிர்வுகள் எப்போதும் உண்டு, நிலத்தடி வழிகள் மாறும்போது ஊற்றின் சூடும் மாறும். மழை, பனியுருகல், காற்று எல்லாமும் மாற்றும். கூட்டமான நாளில் ஒரு குளம் மட்டும் தெளிந்த நீலமாக, ஆளே இல்லாமல் இருந்தால் அதிர்ஷ்டம் என்று நினைக்காதீர்கள், சுடுவதால்தான் யாரும் இல்லை.

சிமெண்ட் தொட்டிகளில் ஒரு குழாய் வழியாக வெந்நீர் வரும். சிலவற்றில் வால்வு, சிலவற்றில் குழாயையே நகர்த்தி வெளிப்பக்கம் திருப்பி வைக்க வேண்டும். சூடு அதிகமென்றால் வரத்தை நிறுத்திவிட்டுப் பொறுத்திருங்கள், குழாய் வாயில் கையை வைத்துப் பார்க்காதீர்கள். ஏற்கனவே ஆள் இருந்தால் கேட்டுவிட்டுத் தொடுங்கள். அடியில் உள்ள அடைப்பை மட்டும் எடுக்கவே வேண்டாம். வடிந்த தொட்டி மறுபடி நிறைய மணிக்கணக்கில் ஆகும், அந்த நாளில் பின்னால் வருகிற எல்லோருக்கும் வெறும் சிமெண்ட்தான் மிஞ்சும்.

9. இறங்குதல்

குதிக்காதீர்கள். உட்கார்ந்து, பாதம், முழங்கால், இடுப்பு என்று இறங்குங்கள். அடித்தரை சேறு, கல் எது என்று கால் தெரிந்துகொள்ள நேரம் வேண்டும்.

தலை தண்ணீருக்கு வெளியே. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. வெதுவெதுப்பான நன்னீரில் நெக்லேரியா ஃபௌலேரி என்ற அமீபா வாழ முடியும், 46 டிகிரி வரை தாங்கும். தண்ணீர் மூக்கில் ஏறினால் மட்டுமே அது மூளைக்குப் போகிறது. மிக மிக அரிதான நோய், ஆனால் வந்தவர்களில் பிழைத்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. முக்குளிப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது, அடிச்சேற்றைக் கிளறி விளையாடுவது மூன்றும் வேண்டாம். நமக்குத் தலைமுழுகினால்தான் குளித்த மாதிரி இருக்கும் என்பது உண்மை, அதை அறைக்குத் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முங்காமல் இருக்கச் சொன்னால் கேட்காத வயதுக் குழந்தைகளுக்குக் காலை நனைப்பதே போதும்.

முதல் தடவை 10 நிமிடம், அதிகபட்சம் 15. கைப்பேசியில் மணி வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே இருக்கும்போது நேரம் தெரியாது. வெளியே குளிர் என்பதால் உடம்பு சூடேறுவதும் தெரியாது. வெளியே வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, உடம்பு ஆறிய பிறகு வேண்டுமானால் இன்னொரு முறை. பீர், ஒயின் வேண்டாம், வெந்நீரும் மதுவும் இரண்டுமே இரத்த அழுத்தத்தை இறக்குபவை, சேர்ந்தால் உட்கார்ந்த இடத்திலேயே மயங்கி முகம் தண்ணீரில் போய்விடும். அதனால் எப்போதும் ஒருவர் கரையில் இருக்கட்டும்.

மின்னல் தெரிந்தால் உடனே வெளியே வாருங்கள். மரமில்லாத வெளியில் உயரமாக இருப்பது நம் தலைதான்.

10. பக்கத்தில் இருப்பவர்கள்

வந்ததும் ஒரு ஹலோ, "இடம் இருக்கிறதா" என்று ஒரு கேள்வி. சின்னத் தொட்டியில் ஆள் இருந்தால் தள்ளி நின்று காத்திருங்கள், நீங்கள் உள்ளே இருக்கும்போது யாராவது காத்திருந்தால் அரை மணியில் எழுந்துகொள்ளுங்கள்.

படம் எடுப்பதில் கறாராக இருங்கள். மலையை எடுக்கிறேன் என்று திருப்பும் கேமராவில் உடையில்லாமல் குளிக்கும் யாரோ விழுந்துவிடுவார்கள். ஆள் இருக்கும்போது கைப்பேசியைப் பையில் வையுங்கள். பாட்டும் வேண்டாம், எவ்வளவு நல்ல பாட்டானாலும். இந்த வெளியில் சத்தம் வெகுதூரம் போகும்.

11. வெளியேறுதல்

எழும்போதுதான் பலர் விழுகிறார்கள். வெந்நீரில் இரத்தக்குழாய்கள் விரிந்திருக்கும், சட்டென்று நின்றால் தலைக்கு இரத்தம் போகாது. முதலில் கரை விளிம்பில் உட்கார்ந்து, கால் மட்டும் தண்ணீரில் இருக்க, இரண்டு நிமிடம் கழித்து எழுங்கள்.

முதலில் தலையையும் மார்பையும் துடைத்து, ஈர உடையைக் கழற்றி, உலர்ந்ததைப் போட்டுத் தொப்பி மாட்டுங்கள். வண்டிவரை ஈரத்தோடு நடந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், இந்த வெளியில் காற்று ஓய்வதே இல்லை.

உங்கள் குப்பையோடு கிடக்கிற இன்னும் சிலவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பழத்தோலும் டிஷ்யூவும் குப்பைதான். கழிப்பறைத் தேவை என்றால் தண்ணீரிலிருந்து 200 அடி தள்ளிப் போய்க் குழி தோண்டுங்கள், தாளைப் பையில் போட்டு எடுத்து வாருங்கள்.

உடனே வண்டி எடுக்காதீர்கள். உடம்பு தளர்ந்து தூக்கம் வரும் நேரம் அது. உப்புப் போட்ட ஏதாவது தின்று, தண்ணீர் குடித்து, கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ஓட்டுங்கள். அந்தி சாய்ந்துவிட்டால் 395-இல் மான் குறுக்கே வரும்.

12. அறைக்குத் திரும்பியதும்

சோப்புப் போட்டுக் குளியுங்கள், நீச்சலுடையை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள், அந்த உப்பு துணியை அரித்துவிடும். பாதங்களைத் திருப்பிப் பாருங்கள், சர்க்கரை உள்ளவர்கள் பாதத்தை இன்னொருவர் பார்க்கட்டும்: சிவப்பு, கொப்புளம், கீறல் எதுவானாலும் அன்றைக்கே கவனியுங்கள்.

அடுத்த இரண்டு வாரத்துக்குள் யாருக்காவது கடுமையான தலைவலியோடு காய்ச்சல், வாந்தி, கழுத்து இறுக்கம் வந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள், போனதும் முதல் வாக்கியமாக "வெந்நீர் ஊற்றில் குளித்தேன், மூக்கில் தண்ணீர் போயிருக்கலாம்" என்று சொல்லுங்கள். நாம் சொன்னால்தான் அந்த அமீபாவுக்கான சோதனையைச் செய்ய அவர்களுக்குத் தோன்றும்.